கச்சாங் கொடியைக் கொண்டுவந்தவர்

1

போன செவ்வாய்க்கிழமை வேலை முடிந்து வந்து காரை நிறுத்துகிறேன், எங்கள் குடியிருப்போர் சங்கத் தலைவர் அங்கிள் ஓங் கேட்டுக்கு வெளியே நின்று என் வாசலைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். வாசல் முழுக்க மஞ்சள் பூ. 'அழகிய முன்வாசல்' போட்டியில் எனக்கு முதல் பரிசு கிடைத்து இந்த வாரத்தோடு ஓர் ஆண்டு ஆகிறதாம். அதனால் ஞாயிற்றுக்கிழமை சங்கக் கூடத்தில் நான் அரை மணி நேரம் பேச வேண்டுமாம். தலைப்பையும் அவரே வைத்துவிட்டார்: புல் வெட்டாமல் தோட்டம் வைப்பது எப்படி. பதினெட்டு வருடமாக இந்த நாட்டில் யார் எதைக் கேட்டாலும் தலையை ஆட்டிப் பழகிவிட்டேன், இதற்கும் ஆட்டினேன். அவர் அந்தப் பக்கம் போனதும் ஏன் ஆட்டினோம் என்று ஆகிவிட்டது.

ஏன் அப்படி ஆனது என்று சொல்லத்தான் இதை எழுத உட்கார்ந்தேன். ஊரில் இருக்கிற உங்களுக்குப் புல் ஒரு விஷயமே இல்லை, அதனால் முதலில் புல்லைச் சொல்லிவிடுகிறேன். கரூரில் நாங்கள் குடியிருந்த வாடகை வீட்டு வாசலில் ஒரு புல் தலைகாட்டினால் அம்மா அதைப் பிடுங்கி எறிந்துவிட்டுத்தான் அடுத்த வேலை பார்ப்பார். வாசலில் புல் மண்டிக் கிடந்தால் அந்த வீட்டில் ஆள் இல்லை, அல்லது இருக்கிற ஆளுக்கு வெட்கம் இல்லை. நான் இருக்கிற பினாங்கில் கதை தலைகீழ். வீட்டுக்கு முன்னால் புல்லை வேண்டுமென்றே வளர்ப்பார்கள். அது மாட்டுக்கும் இல்லை, ஆட்டுக்கும் இல்லை. வளர்ந்ததும் ஆள் வைத்து வெட்டுவார்கள். இந்த மழைக்கு அது இரண்டே வாரத்தில் மறுபடி முழங்காலுக்கு வந்து நிற்கும்.

கிரீன் லேன் பக்கம் ஒரு லோரோங்கில், அதாவது சந்தில், மூலைவீடு வாங்கினோம். மூலைவீடு என்றால் முன்னாலும் நிலம், பக்கவாட்டிலும் நிலம். எனக்குப் பெருமை பிடிபடவில்லை. குடிவந்த இரண்டாவது மாதம் நகராண்மையிலிருந்து, அதாவது நகராட்சியிலிருந்து, மலாயில் ஒரு கடிதம் வந்தது. முத்திரையைப் பார்த்து வீட்டு வரி ரசீது என்று முடிவுகட்டி, கரண்டு பில்லோடு சேர்த்துக் குத்தி வைத்துவிட்டேன். இரண்டாவது கடிதத்தை வேலையிடத்தில் ஒரு மலாய்க்கார நண்பரிடம் காட்டினேன். அவர் வாசித்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார். என் வீட்டுப் புல்லுக்குள் பாம்பு குடியிருக்கலாம் என்று பக்கத்து வீட்டுக்காரர் பயப்படுகிறாராம், உடனே வெட்டாவிட்டால் அபராதமாம். தொழிற்சாலையில் எனக்குத் தரக் கட்டுப்பாட்டுப் பிரிவில் வேலை. அடுத்தவன் செய்த பிழையைக் கண்டுபிடித்துச் சிவப்பு மையில் வட்டம் போடுவதுதான் என் பிழைப்பு. சொந்த வாசலுக்கு அரசாங்கம் வட்டம் போட்டுவிட்டது.

2

அப்படித்தான் மேரி அக்கா வந்தார். காய்கறிக் கடையில் யாரோ கொடுத்த நம்பருக்கு ஒரே ஒரு முறை போன் செய்தேன். அந்தச் சனிக்கிழமை காலை ஏழரைக்கு மோட்டார் சைக்கிளில், பக்கவாட்டில் புல் வெட்டும் மெஷினைக் கட்டிக்கொண்டு, முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ் போட்ட ஒரு பெண் வந்து இறங்கினார். வயது ஐம்பதுக்குப் பக்கம் இருக்கும். நான் அவருக்குப் பின்னால் ஆண் யாராவது வருகிறாரா என்று பார்த்தேன். அவர் நான் பார்த்ததைப் பார்த்துவிட்டு, "நான்தான் தம்பி, வேற ஆள் இல்லைலா," என்றார். பேச்சின் முடிவில் 'லா' சேர்ப்பது இந்த ஊர் வழக்கம்.

அதற்குப் பிறகு இரண்டு வாரத்துக்கு ஒரு சனிக்கிழமை, ஒன்பது வருடம், போன் செய்ய வேண்டிய அவசியமே வரவில்லை. எங்கள் லோரோங்கில் மட்டும் அவருக்குப் பதினோரு வீடு. கார் கண்ணாடியில் கல் தெறிக்காமல் இருக்க ஒரு வலைத்தட்டியை நட்டுவைத்துவிட்டு, மெஷினைத் தோளில் மாட்டிக்கொண்டு, ஒவ்வொரு வாசலாக வெட்டிக்கொண்டே வருவார். எங்கள் வீடு கடைசி. வெட்டி முடித்து, கூட்டி அள்ளி, குழாயடியில் கால் கழுவிவிட்டு என் மனைவி சாந்தி கொடுக்கும் காபியை நின்றுகொண்டே குடிப்பார். உள்ளே வந்து உட்காருங்கள் என்று சாந்தி சொல்வாள். பூட்ஸில் சேறு என்பார் அவர். நான் ஒரு நாளும் சொன்னதாக நினைவில்லை.

அந்தக் காபி நேரத்தில் அவர் சொன்ன துண்டு துணுக்குகளிலிருந்து எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். நிபோங் திபாலுக்குப் பக்கத்தில் பைராம் தோட்டத்தில், அதாவது எஸ்டேட்டில், பிறந்தவர். அங்கேயே தமிழ்ப் பள்ளியில் ஆறாம் வகுப்பு வரை. பிறகு தோட்ட வேலை. கட்டிக்கொண்டு ஜெலுத்தோங் அடுக்குமாடிக்கு வந்தார். புருஷன் போய் வெகுநாள் ஆகிறது. ஞாயிற்றுக்கிழமை கோயில் பூசையைத் தவறவிடமாட்டார், அதனால் எல்லா வேலையையும் சனிக்கிழமையோடு முடித்துக்கொள்வார். ஒன்பது வருடத்துக்கு இது குறைச்சலான விவரம்தான். நானாக எதையும் கேட்டதில்லை.

எங்கள் பக்கவாட்டு நிலம் வாய்க்காலை நோக்கிச் சரியும். மழை பெய்தால் அந்த மேட்டில் புல் வழுக்கும். ஒரு சனிக்கிழமை மேரி அக்கா அதில் சறுக்கி விழுந்துவிட்டார். மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. நான் பதறி ஓடுவதற்குள் எழுந்து, முதலில் மெஷினைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், அப்புறம்தான் தன் முழங்காலைப் பார்த்தார். அன்றைக்குக் காபி குடிக்கும்போது, இந்த மேட்டுக்குப் புல் ஆகாது, நான் ஒரு கொடி கொண்டுவந்து போடுகிறேன் என்றார்.

அடுத்த முறை ஓர் அரிசிச் சாக்கு நிறைய ஈரக் கொடி வந்தது. கச்சாங் கொடி என்றார். கச்சாங் என்றால் இங்கே கடலை. பார்த்தால் நம் நிலக்கடலைச் செடியேதான், அதே இலை, அதே மஞ்சள் பூ. தோட்டத்தில் எண்ணெய்ப் பனைக் கன்றுகளுக்கு நடுவே மண் அரிக்காமல், களை ஏறாமல் இருக்கத் தரையை மூடுகிற கொடி வகைகளைப் போடுவார்களாம். பதினெட்டு வயதிலிருந்து அவருக்கு அதுதான் வேலையாம். எந்தக் கொடி நிழலில் நிற்கும், எது மரத்தில் ஏறி அதை நெரிக்கும், எது வெயிலில் கருகும் என்பதெல்லாம் விரல் நுனியில் இருந்தது. மேட்டிலிருந்த புல்லை வேரோடு கொத்தி எடுத்தார். கொடியை ஒரு சாண் நீளத்துக்கு ஒடித்து, இரண்டு கணு மண்ணுக்குள் போகும்படி சாய்த்து, சாணுக்கு ஒன்றாக நட்டார். முதல் மூன்று மாதம் இடையில் வருகிற புல்லைக் கையால் பிடுங்கிவிட வேண்டும், அதற்கு அப்புறம் அது தன்னைத்தானே பார்த்துக்கொள்ளும் என்றார்.

மூன்று மாதத்தில் மேடு பச்சைக் கம்பளி போர்த்திக்கொண்டது. நான் ஒரு நாள் யாருக்கும் தெரியாமல் ஒரு கொத்தை வேரோடு பிடுங்கிப் பார்த்தேன். கடலை இருக்கிறதா என்று! கரூர்க்காரன் புத்தி. வேர்தான் இருந்தது. மேரி அக்கா அந்தக் குழியைக் கண்டுபிடித்துவிட்டார். "இதுல கச்சாங் வராது தம்பி. அவிச்சுத் திங்கலாம்னு பாத்தீங்களா?" என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். நானும் சிரித்தேன். சிரித்து முடித்ததும் காபிக் கோப்பையைச் சுவரில் வைத்துவிட்டு ஒன்று சொன்னார்.

"இது இந்த மேட்டுக்கு மட்டும், தம்பி. முன்னால போட்டுறாதீங்க. யாரும் கேட்டாலும் குடுத்துறாதீங்க. இது பரவிட்டா இந்த லோரோங்ல எனக்கு வேலை இல்லைலா."

"நான் ஏன்க்கா குடுக்கப்போறேன்?" என்றேன்.

3

அடுத்த வருடம் அவர் தங்கச்சி வீட்டுக் கல்யாணத்துக்காகப் பைராமுக்குப் போய் ஒரு மாதம் வரவில்லை. முன்வாசலில் புல் ஏறியது. எனக்கு அந்த நகராண்மைக் கடிதத்தின் நினைவு வந்து தூக்கம் கெட்டது. மேட்டுக் கொடியோ வேலி தாண்டிப் போகிற அளவுக்குத் தழைத்திருந்தது. நறுக்கி எறியத்தானே போகிறோம், முன்னால் ஒரு வரிசை வைத்தால் என்ன என்று ஆரம்பித்தேன். ஒரு வரிசை நாலாயிற்று. இரண்டு சனி ஞாயிறு முதுகு ஒடியக் கொத்தி, முன்வாசல் முழுவதும் நட்டுவிட்டேன். மேரி அக்கா காட்டின மாதிரியே, சாய்த்து, இரண்டு கணு உள்ளே, சாணுக்கு ஒன்று.

அவர் திரும்பி வந்த சனிக்கிழமை கேட்டைத் திறந்தவர் அப்படியே நின்றார். மெஷினைத் தோளிலிருந்து இறக்கவில்லை. நான் அவசர அவசரமாக, சும்மா அழகுக்குத்தான் அக்கா, நம்ம வீட்டுக்கு மட்டும்தான் என்றேன். அவர் சுவரோரம் மிச்சமிருந்த ஒரு முழப் புல்லை வெட்டிவிட்டு, காபி வேண்டாம், நேரமாயிற்று என்று போய்விட்டார். அவருக்கு ஏதோ அவசரம் போல என்று நினைத்துக்கொண்டேன். நினைத்துக்கொள்வது வசதியாக இருந்தது.

கொடி படர்ந்து பூத்ததும் தெருவில் என் வாசல் பேச்சாகிவிட்டது. நடைப்பயிற்சி போகிறவர்கள் நின்று பார்த்தார்கள். இது என்ன செடி, தண்ணீர் ஊற்ற வேண்டாமா, வெட்டவே வேண்டாமா என்று கேட்டார்கள். இணையத்தில் படித்தேன் என்று முதல் ஆளிடம் சொன்னேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று இன்றுவரை யோசிக்கிறேன். உண்மையைச் சொல்லியிருந்தால் என்ன குடி முழுகிப் போயிருக்கும்? இரண்டாவது ஆளிடம், நாட்கணக்கில் ஆராய்ச்சி செய்தேன் என்று சொன்னேன். நாலாவது ஆளிடம் சொல்லும்போது எனக்கே அது உண்மை மாதிரி இருந்தது.

பிறகு போட்டி வந்தது. படிவம் மலாயில். கடிதம், படிவம் எல்லாவற்றுக்கும் என் மகள் நிலாதான். இங்கே நான்காம் படிவம், அதாவது நம் பத்தாம் வகுப்பு, படிக்கிறாள். அவளுக்குத் தமிழ் பேச வரும், வாசிக்க வராது. எனக்கு மலாய் கடையில் பேசத்தான் வரும். அவள் கேட்கக் கேட்க நான் சொன்னேன், அவள் மலாயில் எழுதினாள். 'செடிகளையும் யோசனையையும் தந்தவர்' என்று ஒரு கேள்வி. என்னைக் கேட்காமலே 'திருமதி மேரி, ஜெலுத்தோங்' என்று எழுதிவிட்டாள்.

அதை அடிக்கச் சொன்னேன். 'சொந்த முயற்சி' என்று போடச் சொன்னேன்.

"அவங்கதானே கொண்டாந்தாங்க, அப்பா?" என்றாள்.

அதையெல்லாம் எழுத அதில் இடம் இல்லை என்றேன். மூன்று கோடு காலியாக இருந்தது. இரண்டு பேரும் அந்தக் கோடுகளைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தோம். அவள் பேனாவை எடுத்துப் பெயரை அடித்தாள். 

இங்கே மழுப்பக் கூடாது. புல் வெட்டுகிற பெண்ணிடம் கற்றுக்கொண்டேன் என்று ஒரு காகிதத்தில் எழுத எனக்குக் கூசியது. அதுதான் காரணம், வேறு எதுவும் இல்லை. ஊரிலிருந்து விமானத்தில் வந்த எங்களைப் போன்றவர்களுக்கு, நாலு தலைமுறைக்கு முன் கப்பலில் வந்து தோட்டத்தில் உழைத்தவர்களைப் பார்த்தால் ஓர் இளக்காரம் உண்டு. வெளியில் சொல்லமாட்டோம். அவர்கள் பேசுகிற தமிழைக் கேட்டு நமக்குள் சிரித்துக்கொள்வோம். நான் அந்தக் கூட்டத்தில் சேர்த்தி இல்லை என்று வெகுநாள் நம்பியிருந்தேன்.

முதல் பரிசு கிடைத்தது. சான்றிதழ், மாலை, புகைப்படம். அடுத்த வாரத்திலிருந்து ஒவ்வொருவராகக் கொடி கேட்டு வந்தார்கள். கேட்டு வந்தவரை வெறுங்கையோடு அனுப்பக் கூடாது என்பது நம் வீட்டுப் பழக்கம் அல்லவா, கறிவேப்பிலைக் கன்றானாலும் மருதாணிக் குச்சியானாலும். பை பையாக ஒடித்துக் கொடுத்தேன். எப்படி நட வேண்டும் என்று சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவில் குரல் பதிவு போட்டேன். மேரி அக்காவுக்குக் கொடுத்த வாக்கு நினைவில் வரவில்லையா என்று கேட்பீர்கள். வந்தது. இத்தனை பேர் ஆசையாகக் கேட்கும்போது என்ன செய்ய முடியும் என்று அதற்கு ஒரு பதிலும் கூடவே வந்தது.

4

மேரி அக்கா எந்தச் சனிக்கிழமையிலிருந்து வரவில்லை என்று எனக்குத் தெரியாது. எழுதக் கை கூசுகிற வரி இது. பதினோரு வாசலில் ஒன்பது வாசல் மஞ்சளாகிவிட்டது, மிச்சம் இரண்டு வாசலில் சிமெண்டு போட்டுவிட்டார்கள். சாந்தி ஒரு நாள், மேரி அக்காவைக் காணோமே என்றாள். உடம்பு சரியில்லையோ என்னவோ என்றேன். போன் செய்து கேட்கச் சொன்னாள். செய்கிறேன் என்றேன். செய்யவில்லை.

போன செவ்வாய்க்கிழமை அங்கிள் ஓங் வந்து போன பிறகு நிலாவைக் கூப்பிட்டு, ஞாயிற்றுக்கிழமைப் பேச்சை மலாயில் எழுதித் தரச் சொன்னேன். முடியாது என்றாள். இப்போதெல்லாம் அவள் என்னிடம் அதிகம் பேசுவதில்லை. பள்ளி விட்டு வந்தால் அறைக் கதவு சாத்திக்கொள்ளும். வயசு அப்படி என்று சாந்தியிடம் நான்தான் விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தேன். பாடம் அதிகமா என்று கேட்டேன்.

"மேரி ஆன்ட்டியக் கேளுங்க. அவங்களுக்குத்தானே தெரியும்," என்றாள். ஜெலுத்தோங் மார்க்கெட்டில் அவரைப் பார்த்தாளாம். தோழி வீட்டுக்குப் போகிற வழியில், ஒரு முறை இல்லை, பல முறை. மீன் கடையில் செதில் சீவிக்கொண்டிருந்தாராம். பார்க்கிற போதெல்லாம் அப்பா நல்லா இருக்காரா என்று கேட்பாராம்.

இதை ஏன் என்னிடம் முன்பே சொல்லவில்லை என்றேன். "சொன்னா நீங்க என்ன செஞ்சிருப்பீங்க?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டாள். போட்டிப் படிவத்தில் மேரி அக்கா பெயரை அவள் அடித்து ஒரு வருடம் ஆகிறது. அவள் கதவைச் சாத்த ஆரம்பித்ததும் ஏறக்குறைய அப்போதுதான்.

5

சனிக்கிழமை காலை ஜெலுத்தோங் மார்க்கெட்டுக்குப் போனேன். கடைகளின் நடுவில் தண்ணீரும் செதிலுமாக வழுக்கியது. மூன்றாவது மீன் கடையில், பிளாஸ்டிக் ஏப்ரன் கட்டி, அதே ரப்பர் பூட்ஸ் போட்டு, மேரி அக்கா ஒரு பெரிய மீனின் வயிற்றைக் கீறிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும், வாங்க தம்பி, சாந்தி எப்படி இருக்கு, பாப்பா நேத்துகூட வந்துச்சே என்றார். முகத்தில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

வரும் வழியெல்லாம் பாடம் பண்ணிக்கொண்டு வந்த வார்த்தைகள் ஒன்றும் கைகொடுக்கவில்லை. மன்னிச்சுருங்க அக்கா, கேட்டவங்களுக்கெல்லாம் கொடியைக் கொடுத்துட்டேன் என்று மீன் சட்டியைப் பார்த்துச் சொன்னேன். அவர் கத்தியை வைத்துவிட்டுக் கையைத் துடைத்தார்.

நான் கொடுப்பேன் என்று அவருக்குத் தெரியுமாம். முன்வாசலில் பார்த்த அன்றைக்கே தெரிந்துவிட்டதாம். எத்தனை நாளைக்குப் பொத்திவைக்க முடியும், காற்றில் போகாவிட்டால் கையில் போகும் என்றார். அதனால் அவரே ஒரு முடிவுக்கு வந்திருக்கிறார். புல் வெட்டுகிற வேலை போனால் போகிறது, மற்ற பத்து வாசலிலும் பழைய புல்லைக் கொத்தி எடுக்க வேண்டும், கொடி நட வேண்டும், மூன்று மாதம் களை பிடுங்க வேண்டும், அதைத் தான் செய்துகொள்ளலாம் என்று. தோட்டத்தில் செய்த வேலைதானே. அங்கிள் ஓங் வீட்டு வாசலைக் கொத்தப் போகிறார்கள் என்று கேள்விப்பட்டு, நேராக அவர் கேட்டில் போய் நின்று கேட்டிருக்கிறார்.

"அந்த அங்கிள் நல்ல மாதிரியாத்தான் பேசுனாரு," என்றார் மேரி அக்கா. "இது சாதாரணப் புல்லு இல்ல, உனக்குத் தெரியாது, பதினாலாம் நம்பர் வீட்டு சார் ஆராய்ச்சி பண்ணிக் கண்டுபிடிச்சதுன்னாரு. செடி நடுற கம்பெனி ஆளுங்களக் கூப்பிட்டுட்டேன்னாரு. நான் என்ன சொல்ல? நான்தான் சாக்குல கொண்டாந்தேன்னு சொன்னா நம்புவாரா?"

பதினாலாம் நம்பர் வீடு எங்களுடையது.

 நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. அந்தக் கம்பெனி ஆட்கள் தெருவில் நடும்போது அவர் மோட்டார் சைக்கிளை நிறுத்திப் பார்த்திருக்கிறார். புல்லை வேரோடு எடுக்காமல் மேலே மண்ணைக் கொட்டி, கொடியை நேராகக் குத்தி, முழத்துக்கு ஒன்றாக வைத்தார்களாம். அப்படி வைத்தால் நடுவில் புல் ஏறிவிடும் என்று அங்கிருந்த ஓர் ஆளிடம் சொல்லியிருக்கிறார். அவன் காதில் வாங்கவில்லையாம்.

"குடுத்ததுக்கு நான் ஒண்ணும் நெனைக்கல, தம்பி," என்றார். "எம் பேரச் சொல்லியிருக்கலாம்லா. பேரச் சொல்லியிருந்தா என்னையக் கூப்பிட்டிருப்பாங்க."

சொல்லிவிட்டு அடுத்த மீனை எடுத்தார். எனக்குப் பின்னால் ஆள் நின்றது. நாளைக்குச் சங்கக் கூடத்துக்கு வந்து நீங்களே பேசுங்கள் அக்கா என்று கேட்டேன். பூசை முடிந்து நேரே இங்கே வேலை, வரமுடியாது என்றார். இப்போது அவர் ஞாயிற்றுக்கிழமையும் வேலை செய்கிறார்.

6

இதுவரைக்கும் எழுதியதைச் சனிக்கிழமை இரவுக்குள் முடித்துவிட்டேன். முடித்ததும் மனசு லேசாகிவிட்டது. அதுதான் சந்தேகத்தைக் கிளப்பியது. எங்கள் லோரோங்கில் யாருக்கும் தமிழ் வாசிக்கத் தெரியாது. கடல் தாண்டி இருக்கிற உங்களிடம் குற்றத்தை ஒப்புக்கொள்ள என்ன தைரியம் வேண்டும்? நீங்கள் யாரும் காலையில் என் வாசலைத் தாண்டி நடக்கப் போவதில்லை.

நிலா அறைக் கதவைத் தட்டினேன். நாளைக்கு மேரி ஆன்ட்டி பெயரைச் சொல்லப் போகிறேன், எழுதித் தா என்றேன்.  அவள் நாற்காலியை நகர்த்தி இடம் விட்டாள். நான் தமிழில் சொன்னேன், அவள் மலாயில் எழுதினாள். படிவத்தில் நான் பொய் எழுதினேன் என்கிற இடத்தில், தவறுதலாக விட்டுப்போயிற்று என்று போடலாமா என்று கேட்டேன். அவள் பேனாவை வைத்துவிட்டாள். சரி, பொய் என்றே போடு என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை கூடத்தில் முப்பது பேர் இருந்திருப்பார்கள். என் மலாயைக் கேட்டு முதல் இரண்டு நிமிடம் சிலர் சிரித்தார்கள். நான் காகிதத்தைப் பார்த்து வாசித்தேன். கொடியைக் கொண்டுவந்தது மேரி என்பவர். எப்படி நடுவது என்று எனக்குக் காட்டியதும் அவர். நான் எந்த ஆராய்ச்சியும் செய்யவில்லை. படிவத்தில் அவர் பெயரை என் மகள் எழுதினாள், நான் அடிக்கச் சொன்னேன். யாருக்கும் கொடுக்க வேண்டாம் என்று அவர் கேட்டும் கொடுத்தேன், அதனால் அவருடைய பதினோரு வீட்டு வேலை போயிற்று. இடம் தவறி இரண்டு வரியைத் திரும்பத் திரும்ப வாசித்தேன்.

முடித்து நிமிர்ந்தால் எல்லோரும் கைதட்டுகிறார்கள். அங்கிள் ஓங் எழுந்து வந்து என் கையைப் பிடித்துக் குலுக்கி, இந்த மனிதருக்கு எவ்வளவு அடக்கம் பாருங்கள், பரிசு வாங்கிய பெருமையைக்கூடப் புல் வெட்டுகிற அம்மாவுக்குக் கொடுக்கிறார் என்றார். மறுபடி கைதட்டல். அப்படி இல்லை அங்கிள், நான் பொய் சொன்னேன் என்றேன். அவர் என் முதுகில் தட்டிக்கொடுத்தார். என் மலாயைத்தான் சந்தேகப்பட்டிருப்பார். கடைசி வரிசையில் நிலா கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

கூட்டம் கலையும்போது ஒன்பதாம் நம்பர் வீட்டு மலாய்க்கார அம்மா என்னிடம் வந்தார். அவர் வாசலில் கொடிக்கு நடுவே புல் ஏறிவிட்டதாம், நட்ட கம்பெனி போனை எடுப்பதில்லையாம். அந்த மேரி வந்து பிடுங்கிச் சரிசெய்து தருவாரா, நம்பர் கொடுங்கள் என்றார். எனக்கு உயிர் வந்தது. நிலாவும் எழுந்து பக்கத்தில் வந்து நின்றாள்.

கைப்பேசியை எடுத்து மேரி என்று தேடினேன். இல்லை. மேரி அக்கா என்று தேடினேன். அக்கா என்று தேடினேன். அந்த அம்மா பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தார். நம்பர் இருக்கிறது, ஒன்பது, பத்து வருடத்துக்கு முன்னால் நான்தானே போன் செய்தேன், இருக்கிறது என்று சொல்லிக்கொண்டே பெயர்ப் பட்டியலை மேலிருந்து கீழாகத் தள்ளிக்கொண்டு போனேன்.

ஆங்கில எழுத்தில் 'கிராஸ் ஜெலுத்தோங்' என்று இருந்தது. புல், ஜெலுத்தோங். அவ்வளவுதான்.

நிலா என் கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் அந்த அம்மாவுக்கு நம்பரை ஒவ்வொரு எண்ணாகச் சொன்னேன். அவர் எழுதிக்கொண்டு, முழுப் பெயர் என்ன என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை.